மறு: செங்கோணப் பல்கோணியா, செம்மூலைப் பல்கோணியா?

அண்ணை, வணக்கம்.

அடுத்தடுத்த பக்கங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று செங்குத்தாகச் சந்திக்கும் உருவுக்குத் (rectilinear polygon) தமிழ்ப் பெயராக நீங்கள் சொன்ன 'செங்கோணப் பல்கோணி' காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பிள்ளையிடம் 'ட' வடிவ உருவைக் கொடுத்து உள்ளே அளக்கச் சொல்லுங்கள். ஆறு மூலையில் ஐந்து 90 பாகை, ஒன்று 270. கூட்டினால் 720, கணக்குச் சரி. ஆனால் அந்த ஆறாவது பின்வளைகோணம், அதாவது 180 பாகையை விடப் பெரியது. பெயரிலேயே செங்கோணம் என்று எழுதிவிட்டு, அங்கே மட்டும் இல்லை என்று எப்படிச் சொல்வது?

இது 'ட'வோடு முடிகிற சிக்கலும் இல்லை. கூட்டல் குறி வடிவத்தில் எட்டு 90, நாலு 270. தன்னைத் தானே வெட்டாத எந்த உருவை எடுத்தாலும் 90கள் 270களை விடச் சரியாக நாலு கூடுதலாக இருக்கும். 270 ஒன்றும் இல்லையென்றால் மிஞ்சுவது செவ்வகம்.

தம்பி முன்வைத்த 'செம்பல்கோணி' சுருக்கம்தான். ஆனால் செம்மை என்றதும் ஒழுங்கான பல்கோணியும் (பக்கங்களும் கோணங்களும் எல்லாம் சமமானது) நினைவுக்கு வரும். சிவப்பும் வரும். வேண்டாம்.

என் தெரிவு 'செம்மூலைப் பல்கோணி'. எங்கள் ஊர் மேசன்மார் மூலைமட்டத்தை (மூலை செங்குத்தா என்று பார்க்கும் கருவி) அறைக்கு உள்ளேயும் வைப்பார்கள், வெளியே சுற்றி வந்தும் வைப்பார்கள். எந்தப் பக்கம் வைத்தாலும் மூலை ஒன்றுதான், இரண்டு சுவர் செங்குத்தாகச் சந்திக்கிற இடம். கோணம் அப்படியல்ல. எந்தப் பக்கம் நின்று அளக்கிறோம் என்பதைப் பொறுத்து 90 ஆகும், 270 ஆகும். நமக்கு வேண்டிய பண்பு மூலையில்தான் இருக்கிறது. (நாற்சார் வீட்டைத் தயவுசெய்து உதாரணத்துக்கு எடுக்க வேண்டாம். நடு முற்றம் உருவுக்குள் ஓட்டையாகி, வேறு விவாதம் தொடங்கிவிடும்.)

தமிழ்நாட்டு நண்பர்களுக்கு: இங்கே இலங்கையில் கோணம் வேறு, கோணி வேறு. நீங்கள் முக்கோணம் என்கிற உருவை நாங்கள் முக்கோணி என்கிறோம், கர்ணத்தைச் செம்பக்கம் என்கிறோம். செவ்வகமும் செங்குத்தும் இரு கரைக்கும் பொது. அந்த வரிசையில் செம்மூலை அந்நியமாகத் தெரியாது என்று நினைக்கிறேன்.

270 பாகை மூலைக்குச் சிலர் கேட்ட 'உள்மூலை' சரிவராது. அறைக்குள் நிற்பவருக்கு உள்மூலை என்றால் 90தான். 'பின்வளைமூலை' என்று வைத்தால் பாடநூலில் ஏற்கெனவே இருக்கிற சொல்லோடு ஒட்டும். ஆட்சேபணை இருந்தால் எழுதுங்கள்.