பாண்டில பால், நெய் இல்லாம எங்க சாப்பிடலாம்?

அடுத்த வாரம் அக்கா வர்றாங்க, இப்போ முழு வீகன், பால் தயிர் நெய் தேன் எதுவுமே கிடையாது, வெளிய எங்க கூட்டிட்டுப் போறதுன்னே தெரியல, சொல்லுங்க ப்ளீஸ்.

பதில் 1:
காலைல இட்லி சட்னி போதும். பொங்கல் வேணாம், நெய்தான். ரவா தோசை மாவுல சில கடைல மோர் ஊத்துவாங்க, கேட்டுக்கோங்க. சாதா தோசைக்கும் மாவு கல்லுல விழறதுக்கு முன்னாடியே "அண்ணே, எண்ணெய்லயே போடுங்க"ன்னு சொல்லிடணும், அப்புறம் சொன்னா நெய் தடவி முடிச்சிருப்பாங்க. ஆப்பம் தேங்காப்பால் கிடைச்சா விடாதீங்க, அவ்ளோ நல்லாருக்கும்!

பதில் 2:
பீச்ல சுண்டல், இளநீர். கம்பங்கூழ்னா மோர் கலக்காம கேளுங்க.

பதில் 3:
ஆரோவில் பக்கம் போங்க, குயிலாப்பாளையம் கஃபேக்கள்ல பாதாம் பால் காபி கேட்டுப் பாருங்க. மேசன் அண்ட் கோ சாக்லேட் அங்க செய்றதுதான், பால் சேக்கறதில்ல, அக்காவுக்கு கண்டிப்பா வாங்கிக் குடுங்க.