முள் மாறிய சீகோ 5 அசல்தானா?

கொழிஞ்சாம்பாறையார்:
என் மாமா 1982இல் துபாயிலிருந்து ஊருக்கு வந்தபோது கட்டியிருந்த சீகோ 5 இப்போது என்னிடம் உள்ளது. பின்மூடியில் 7009 என்ற எண்ணும், வரிசை எண்ணின் தொடக்கத்தில் 1N என்பதும் இருக்கின்றன. டயலின் கீழ்விளிம்பிலும் 7009 இருக்கிறது; ஆனால் அதன்பின் வரும் எழுத்தும் எண்ணும் பின்மூடியோடு ஒத்துப்போகவில்லை. பாலக்காட்டில் பழைய கடிகாரம் வாங்கும் ஒருவர் இதைக் காட்டி, டயல் வேறு கடிகாரத்துடையது என்று சொல்லிவிட்டார். கடிகாரத்தின் படத்தை இணைத்திருக்கிறேன். அது சரியா?

நகரியார்:
சரியில்லை ஐயா. முதல் நான்கு எண்கள் மெஷினைக் குறிப்பவை. அவை டயலிலும் பின்மூடியிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அடுத்து வருவது பின்மூடியில் கேஸின் (வெளிக்கூட்டின்) எண், டயலில் டயலுக்கே உரிய எண். ஆகவே அவை வேறுபடுவது இயல்பு. வரிசை எண்ணில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், N என்பது நவம்பர் மாதம். மாமா வந்த ஆண்டை வைத்துப் பார்த்தால் 1981 நவம்பரில் செய்தது எனலாம். டயலில் கிழமையைக் காட்டும் சக்கரத்தில் அரபு எழுத்து இருந்தால் வளைகுடாவில் விற்றது என்பதற்கு அதுவும் வலுச் சேர்க்கும்.

வாளையார் வாசகர்:
டயலைப் பற்றி நகரியார் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், மணிப்புள்ளிகளில் உள்ள, இருட்டில் ஒளிர்வதற்கான பூச்சு பழுப்பேறி விரிசல் விட்டிருக்கிறது, முட்களில் உள்ளதோ பச்சை கலந்த வெண்மையாக இருக்கிறது. விளக்கை அணைத்துப் பாருங்கள். முள் விடியும்வரை ஒளிர்ந்தால் அது 1993க்குப் பின் வந்த லூமினோவா வகைப் பூச்சாகத்தான் இருக்கும். 1981ஆம் ஆண்டு முள்ளில் அது இருக்க வழியில்லை.

கொழிஞ்சாம்பாறையார்:
நேற்றிரவு பார்த்தேன், புள்ளிகள் இருண்டு கிடக்க, முட்கள் மட்டும் காலைவரை தெரிந்தன. பல ஆண்டுகளுக்கு முன் மழையில் தண்ணீர் புகுந்ததால் ஒரு கடையில் பழுது பார்த்தோம், அப்போதுதான் மாறியிருக்க வேண்டும். கிழமைச் சக்கரத்தில் அரபு எழுத்து இருக்கிறது.

நகரியார்:
அப்படியானால் பழைய 7009 ஒன்றிலிருந்து பழுப்பேறிய முட்களை எடுத்துப் போட்டுவிடுங்கள். முழுக் கடிகாரமும் ஒரே வயதாகத் தெரியும், விலையும் கிடைக்கும்.

வாளையார் வாசகர்:
இதை நான் கடுமையாக மறுக்கிறேன். கண்ணாடியும் ரப்பர் வளையமும் தேய்கிற பொருள்கள், அவற்றை மாற்றுவதில் குற்றமில்லை. ஆனால் வேறொரு கடிகாரத்தின் முள்ளை, வயது ஒத்துப்போகிறது என்பதற்காகவே பொருத்தினால், மழையில் நனைந்து பழுது பார்க்கப்பட்ட இந்தக் கடிகாரத்தின் உண்மையை யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி நாமே மறைத்தவர்களாகிறோம். இன்றைய முள்ளைப் பார்த்தவுடனே மாறியது என்று தெரிகிறது. அந்த நேர்மையை ஏன் கெடுக்க வேண்டும்?

நகரியார்:
வாங்குபவரிடம் சொல்லிவிட்டு மாற்றினால் மறைப்பாகாது. ஆனால் இரண்டாவது கைக்குப் போகும்போது அந்தச் சொல் கூடப் போகாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கொழிஞ்சாம்பாறையார்:
விற்கும் எண்ணம் எனக்கு இல்லை. அன்று கடைக்காரர் கழற்றிய முட்களைக் காகிதத்தில் மடித்துத் தந்ததாக மாமி சொல்கிறார். அவருடைய தையல் பெட்டியில் தேடச் சொல்லியிருக்கிறேன். கிடைத்தால் அவற்றையே பொருத்துவேன். கிடைக்காவிட்டால் இப்போதுள்ள முட்களே இருக்கட்டும்.