தமிழ் வழியில் கியூட் தேர்வு எழுதியவர்கள் உதவ வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். என் அக்கா மகள் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் டூ படிக்கிறாள். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்க வேண்டும் என்று உறுதியாக இருக்கிறாள். அதற்கு மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான கியூட் எழுத வேண்டும். வினாத்தாளைத் தமிழிலேயே தேர்ந்தெடுக்கலாம் என்பது பெரிய ஆறுதல்.

சிக்கல் பாடத்திட்டத்தில்தான். கியூட் கணிதம் என்சிஇஆர்டி எனும் மத்திய அரசு நிறுவனத்தின் 12ஆம் வகுப்பு நூலைத் தழுவியது. நம் மாநிலப் பாடநூலில் அவள் கரைத்துக் குடித்திருக்கும் கலப்பு எண்களும் கூம்பு வளைவுகளும் அதில் இல்லை. அதில் இருக்கும் நேரியல் திட்டமிடலோ (சமனிலிகளுக்கு உட்பட்டு ஒன்றின் அதிகபட்ச, குறைந்தபட்ச மதிப்பைக் காணும் பாடம்) நம் பிளஸ் டூ கணிதத்தில் இல்லை. ஆங்கில நூலை வைத்துக்கொண்டு, சமனிலிகளை வரைபடத்தாளில் கோடு கோடாக வரைந்து, எந்தப் பக்கம் நிழலிடுவது என்று என்னிடம் கேட்கிறாள். நான் படித்ததோ வணிகவியல்.

இந்தப் பாடத்தைத் தமிழில் தெளிவாக விளக்கும் காணொளியோ குறிப்போ இருந்தால் சொல்லுங்கள். கியூட் கணிதத் தாளில் 60 நிமிடத்தில் 50 கேள்விகள், சரியான விடைக்கு 5 மதிப்பெண், தவறினால் 1 குறையும். தெரியாத கேள்வியை விட்டுவிடுவதா, இரண்டு விடைகளுக்குள் சுருக்க முடிந்தால் துணிவதா? எழுதியவர்களின் அனுபவம் வேண்டும். கணினித் திரையில் தேர்வெழுதி அவளுக்குப் பழக்கமே இல்லை. மாதிரித் தேர்வுக்கு வாரம் ஒரு நாள் கணினி தரக்கூடிய நூலகமோ மையமோ திருவாரூர், மன்னார்குடிப் பக்கம் இருந்தாலும் தெரிவியுங்கள். கட்டணம் அதிகமில்லையென்றால் கட்டிவிடுவோம்.