அட்டைக்கு வராத நாற்றுப் பச்சை

வாட்ஸ்அப் குழு: ஆற்றங்கரை வீடு

வியாழன், மாலை 7:12

நான்: எல்லோருக்கும் வணக்கம். கல்லூரியில் ஒரு புராஜெக்ட். இல்லாத ஓர் இசைக்குழுவைக் கற்பனை செய்து, அவர்களுடைய சிடி ஆல்பத்துக்கு அட்டை வடிவமைக்க வேண்டும். முன்பக்கம், பின்பக்கம், உள்ளே இரண்டு பக்கம், நடுவில் முதுகு. திங்கட்கிழமை அச்சடித்து, மடித்து, கையில் கொடுக்க வேண்டும். குழுவின் பெயர் 'வண்டல்'. ஆல்பத்தின் பெயர் 'கடைமடை', ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் நம் பக்கம். முன் அட்டை இதுதான். எப்படி இருக்கிறது?
[படம்]

ஆடுதுறை அத்தை: பாப்பா, சிடி போட்டுவிட்டாயா! பாடுவாய் என்று சொல்லவே இல்லையே!

நான்: பாட்டே கிடையாது அத்தை. அட்டை மட்டும்தான்.

ஆடுதுறை அத்தை: பாட்டு இல்லாத சிடிக்கு அட்டை எதற்கு?

சென்னை அண்ணன்: மாப்பிள்ளை பார்க்காமல் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற மாதிரி அத்தை. அச்சகம் வைத்திருக்கிற என் அப்பாவைக் கேளுங்கள், அதுவும் அடித்திருப்பார்.

சித்தி: பச்சை கண்ணைப் பறிக்கிறது பாப்பா. ஓரத்தில் பெரிய கோயில் கோபுரத்தைச் சின்னதாக வைத்தால் எந்த ஊர் என்று பார்த்ததும் தெரியும்.

ஆடுதுறை அத்தை: தலையாட்டிப் பொம்மையும் வை. ஒரு வீணையும்.

நான்: அத்தனையும் வைத்தால் ஜவுளிக்கடைக் கட்டைப்பை ஆகிவிடும் அத்தை 😭

ஆடுதுறை அத்தை: அப்போது நாகஸ்வரமாவது வை. நரசிங்கம்பேட்டை நமக்குப் பக்கம்தானே, புவிசார் குறியீடு எல்லாம் வாங்கிவிட்டார்கள். இரு, படம் அனுப்புகிறேன்.
[படம்]

தாத்தா: அது நாகஸ்வரம் இல்லை. சுருதிக்கு மட்டும் ஊதுகிற ஒத்து. விரல் வைக்க ஓட்டை எங்கே இருக்கிறது பார்.

ஆடுதுறை அத்தை: 🙈

தாத்தா: கவி, ஏ பக்கம் எத்தனை பாட்டு, பி பக்கம் எத்தனை பாட்டு?

நான்: சிடியில் ஒரு பக்கம்தான் தாத்தா. மொத்தம் எட்டு. முறைத்தண்ணீர், வரப்பு, நண்டு வளை, ஒத்துக்காரர், மதகு, உப்புக்காற்று, கருக்கல், கதவணை. பெயர் மட்டும் வைத்திருக்கிறேன்.

தாத்தா: ஒரு பக்கம் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் நாலாவது பாட்டுக்குக் கீழே கொஞ்சம் இடம் விடு. மாயவரத்தில் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தபோது 60 நிமிடக் கேசட் என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம். வாடிக்கையாளர் பட்டியல் கொடுப்பார், ஆனால் எதற்குப் பின்னால் எது என்று நான்தான் அடுக்குவேன். பாட்டு பாதியில் அறுந்தால் மறுநாள் காலையில் கடை திறக்கும்முன் வந்து நிற்பார். அப்புறம் அந்த மடிப்பு அட்டையில் என் கையால் எழுதுவேன். முதுகு அரை அங்குலம். அலமாரியில் அடுக்கினால் அந்த அரை அங்குலம்தான் கண்ணில் படும், முன் அட்டையை எவனும் பார்க்க மாட்டான். உன் முதுகில் என்ன எழுதியிருக்கிறாய்?

நான்: ஒன்றும் எழுதவில்லை தாத்தா 😬

தாத்தா: எழுது.

நான்: ஆல்பம் என்ற பெயர் எப்படி வந்தது தெரியுமா தாத்தா? வகுப்பில் சொன்னார்கள். பழைய 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம்தான் அடங்கும். நீளமான இசை என்றால் நாலைந்து தட்டு. அவற்றை உறை உறையாகத் தைத்துப் புத்தகம் மாதிரி விற்றார்கள், போட்டோ ஆல்பம் மாதிரியே. மேலட்டை பெரும்பாலும் வெறும் பழுப்பு நிறம். 1930களின் கடைசியில் கொலம்பியா ரெக்கார்ட்ஸில் சேர்ந்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ்தான் அதில் ஓவியம் போட்டு விற்கலாம் என்று காட்டியவர்.

தாத்தா: அது அரக்குத் தட்டு. கீழே விழுந்தால் அப்பளம். என் அப்பாவிடம் இருந்தது.

இரவு 9:48

பெரியப்பா: இப்போதுதான் அச்சகத்தைச் சாத்தினேன். பாப்பா, அளவு என்ன?

நான்: ஒரு பக்கம் 14 செ.மீ. அகலம், 12.5 செ.மீ. உயரம் பெரியப்பா. முதுகு 6 மி.மீ.

பெரியப்பா: அப்படியென்றால் விரித்தால் 28.6. சுற்றிலும் வெட்டி எறிய 3 மி.மீ. ப்ளீட் விட்டால் 29.2க்கு 13.1. 12க்கு 18 அங்குலத் தாளில் இறுக்கிப் பிடித்தால் மூன்று அடங்கும். ஆடி மாசம், கல்யாணப் பத்திரிகை வேலை இல்லை, மெஷின் சும்மாதான் நிற்கிறது. நாளைக்கு ஒன்று போட்டுப் பார்க்கிறேன். காசு பேசாதே.

நான்: 🙏🙏 இதோ ஃபைல்.
[படம்]

வெள்ளி, காலை 11:20

பெரியப்பா: பாப்பா, மூன்று விஷயம். கோபப்படாமல் கேள்.
நீ வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினாய். அது நசுக்கித்தான் அனுப்பும். 29 செ.மீ.க்கு 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி, வேண்டும் என்றால் குறுக்கே சுமார் 3,400 புள்ளி வேண்டும். எனக்கு வந்தது அதில் பாதிகூட இல்லை. டாக்குமென்ட்டாக அனுப்பு.
இரண்டாவது, டாக்குமென்ட்டாக அனுப்பும்போது எழுத்தை எல்லாம் அவுட்லைன், அதாவது வெறும் கோட்டு வடிவம், ஆக்கிவிட்டு அனுப்பு. போன வாரம் ஒரு பையனின் ஃபைலை என் கம்ப்யூட்டரில் திறந்தால் சங்கிலிக் கொம்பு முழுவதும் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. உன் 'கடைமடை'யில் இரண்டு கொம்பு இருக்கிறது.
மூன்றாவதைப் படத்திலேயே காட்டுகிறேன்.
[படம்]

நான்: ஐயோ. இது என்ன நிறம்?

சித்தி: வாடின வாழை இலை மாதிரி இருக்கிறதே.

பெரியப்பா: உன் பச்சைதான். நாற்றுப் பச்சை திரையில் மின்னும், ஏனென்றால் திரை வெளிச்சத்தால் காட்டுகிறது. அச்சில் நாலு மைதான். நீலமும் மஞ்சளும் எவ்வளவு கொட்டினாலும் அந்தப் பச்சை தாளில் ஏறாது. தனியாகக் கலந்து வாங்கினால் கிட்டே போகலாம். மூன்று அட்டைக்கு எவனும் மை கலக்கித் தர மாட்டான்.

நான்: திருத்திப் பார்க்கிறேன் பெரியப்பா. திங்கட்கிழமை கொடுக்க வேண்டும் 😟

சென்னை அண்ணன்: பாப்பா, பின்பக்கத்தில் பார்கோடு சிவப்பில் போட்டிருக்கிறாயே?

நான்: செம்மண் நிறம் அண்ணா. அட்டைக்குப் பொருத்தமாக.

சென்னை அண்ணன்: கடை ஸ்கேனர் விடுகிற வெளிச்சமும் சிவப்புதான். அதற்கு உன் சிவப்புக் கோடு வெள்ளையாகத் தெரியும், ஒன்றும் படிக்காது. பில்லிங் சாஃப்ட்வேர் விற்றே பாதி ஆயுள் போய்விட்டது, இதையாவது கேள். வெள்ளையில் கறுப்பு போடு. ஆரம்பம் 890 என்று இருக்கட்டும், இந்தியாவுக்கு அதுதான். அப்புறம் கடைசி எண் கணக்குப் போட்டு வருவது, இஷ்டத்துக்குப் போடாதே.

நான்: நான் உங்கள் போன் நம்பரைத்தான் போட்டிருந்தேன் 🫣

சென்னை அண்ணன்: அடிப்பாவி.

பெரியப்பா: அந்தப் பொடி எழுத்து, வட்டத்துக்குள் சி, வட்டத்துக்குள் பி, உரிமை வாசகம், அது எல்லாம் ஒரே கறுப்பில் இருக்கட்டும். நாலு மையும் சேர்த்த கறுப்பு வேண்டாம். தாள் ஒரு மயிரிழை நகர்ந்தால் ஒவ்வோர் எழுத்துக்கும் நிழல் அடிக்கும். பத்திரிகையில் தாய்மாமன் பெயர் அப்படி மங்கலாகப் போய், ஒரு கல்யாணமே நின்றிருக்கும்.

ஆடுதுறை அத்தை: எந்தக் கல்யாணம் அண்ணே??

பெரியப்பா: அதை விடு.

மதியம் 2:05

அப்பா: இப்போதுதான் பார்த்தேன். கவி, இந்த வயல் எங்கே எடுத்தது?

நான்: போன மாதம் அத்தை வீட்டுக்குப் போனபோது எடுத்தேன்பா.

அப்பா: அதான் கேட்டேன். ஆடுதுறையில் ஆழ்குழாய்த் தண்ணீரில் விட்ட குறுவை நாற்று. அதன்மேல் கடைமடை என்று எழுதியிருக்கிறாய். இங்கே தலைஞாயிறு பக்கம் வந்து பார். போர் போட்டால் உப்புத் தண்ணீர். ஆற்றுத் தண்ணீர் வந்தால்தான் நாற்று.

நான்: ...

சித்தி: படத்தில் யாருக்கு அது தெரியப்போகிறது அத்தான்?

அப்பா: எனக்குத் தெரிகிறதே.

நான்: சரிதான்பா. எனக்கே வெட்கமாக இருக்கிறது. நீங்கள் நம் மதகை ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா?

அப்பா: இப்போது எடுத்தால் வெடித்த மண்தான் வரும். மேட்டூர் திறந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. மேலே முறை வைத்து விடுகிறார்கள். இன்றைக்கு, நாளைக்கு என்கிறார்கள்.

பெரியப்பா: தம்பி, புதுத்தண்ணீர் வந்ததும் எடு. முதல் நாள் தண்ணீர். பாப்பா, அந்தப் பழுப்பு நிறத்தை நாலு மையும் அப்படியே கொடுக்கும், ஒரு பொட்டுக் குறையாது. பச்சைக்குத்தான் அடம்.

நான்: பெரியப்பா!!! அதுதான் அட்டை. பச்சையே வேண்டாம்.

ஆடுதுறை அத்தை: சேற்றுத் தண்ணீரையா முன்பக்கத்தில் போடுவாய்? பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்?

தாத்தா: குழுவுக்கு வண்டல் என்று பெயர் வைத்துவிட்டுச் சேறு வேண்டாம் என்றால் எப்படி.

சனி, இரவு 8:30

நான்: அப்பா?

அப்பா: வரவில்லை.

சென்னை அண்ணன்: பாப்பா, மாற்று ஏற்பாடாக நெட்டில் ஒரு படம் எடுத்துக்கொள்ளேன்.

நான்: கூடாது அண்ணா. படம் நாமே எடுத்ததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மதிப்பெண் கிடையாது. வெடித்த மண்ணை வைத்தும் ஒன்று செய்து வைத்திருக்கிறேன். ஆனால் அது வறட்சி பற்றிய செய்திப் படம் மாதிரியே இருக்கிறது.

சித்தி: கோபுரம் வைத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

ஞாயிறு, மாலை 5:51

அப்பா: வந்துவிட்டது.

அப்பா: [ஆவணம்] [ஆவணம்] [ஆவணம்] [ஆவணம்] [ஆவணம்] [ஆவணம்]

அப்பா: டாக்குமென்ட்டாகத்தான் அனுப்பியிருக்கிறேன். இரண்டாவது படத்தில் என் செருப்பு வந்திருக்கிறது.

சித்தி: 🙏🙏🙏

ஆடுதுறை அத்தை: ஆடிப்பெருக்குக்கு முன்னால் வந்ததே, அந்த மட்டும் சரி.

நான்: நாலாவது படம்பா!! தண்ணீருக்கு முன்னால் நுரை ஓடுகிறது, நுரைமேல் சுள்ளி, சருகு, ஒரு பிளாஸ்டிக் டம்ளர், அதற்கு முன்னால் பாதி வாய்க்கால் காய்ந்து கிடக்கிறது. விரித்துப் போட்டால் பின் அட்டை முழுக்கத் தண்ணீர், முன் அட்டையில் வெடித்த மண், நுரைக்கோடு சரியாக முதுகுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. கடையில் முன்பக்கம் மட்டும் பார்க்கிறவருக்குத் தண்ணீர் வருவதே தெரியாது. திருப்பினால்தான் தெரியும்.

பெரியப்பா: முதுகுமேல் கோடு வைக்காதே. மடிப்பு அரை மி.மீ. நகர்ந்தாலும் தப்பாகிவிடும். முன்பக்கமாக 5 மி.மீ. தள்ளி வை.

நான்: தள்ளிவிட்டேன் பெரியப்பா. நுரை இப்போது முன் அட்டையின் ஓரத்தில் எட்டிப் பார்க்கிறது. இன்னும் நன்றாக இருக்கிறது.

அப்பா: டம்ளரை எடுத்துவிடவா? கம்ப்யூட்டரில் அழிக்கலாம் அல்லவா?

நான்: இருக்கட்டும்பா.

இரவு 11:36

நான்: [ஆவணம்] பெரியப்பா, எழுத்து எல்லாம் அவுட்லைன். பார்கோடு கறுப்பு. முதுகில் பெயர் இருக்கிறது.

பெரியப்பா: வந்தது. தூங்கு.

திங்கள், காலை 7:40

பெரியப்பா: [படம்] [படம்]
300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு, மேட் லேமினேஷன். மடிக்கும்முன் மடிப்புத் தடம் பதிய கிரீசிங் போட்டேன். போடாமல் மடித்திருந்தால் அந்தப் பழுப்பில் மை வெடித்து முதுகு நெடுக வெள்ளைக் கோடு விழுந்திருக்கும். மூன்றும் பழுதில்லை. தஞ்சாவூர் பஸ்ஸில் ஒரு கண்டக்டர் தெரிந்தவர், கொடுத்துவிட்டிருக்கிறேன். ஒன்பதரைக்கு வரும். பழைய பஸ் ஸ்டாண்டில் போய் வாங்கிக்கொள், கவர்மேல் உன் பெயர் எழுதியிருக்கிறேன்.

நான்: பெரியப்பாஆஆ ❤️ கிளம்பிவிட்டேன். ஒன்று கல்லூரிக்கு, ஒன்று தாத்தாவுக்கு, ஒன்று அப்பாவுக்கு.

ஆடுதுறை அத்தை: எனக்கு?? நாகஸ்வரப் படம் அனுப்பினது நான்தானே.

சென்னை அண்ணன்: ஒத்து.

தாத்தா: கவி, நாலாவது பாட்டுக்குக் கீழே இடம் விட்டாயா?

நான்: விட்டிருக்கிறேன் தாத்தா. அரை அங்குலம்.