யோ எடி ஃபிரேம் வாங்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

பழைய ஃபேட் சான்ஸ் யோ எடி மவுன்டன் பைக்கின் ஸ்டீல் ஃபிரேம் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, 26 அங்குலச் சக்கரத்துக்கானது. மாசசூசெட்ஸின் சோமர்வில்லில் செய்தது என்கிறார் விற்பவர். மறுபெயின்ட் அடித்துவிட்டதால் ஸ்டிக்கரை வைத்துச் சொல்ல வழியில்லை.

கிறிஸ் சான்ஸ் 1982-ல் அங்கே தொடங்கிய, ஃபேட் சான்ஸ் சைக்கிள்களைச் செய்த ஃபேட் சிட்டி சைக்கிள்ஸ் நிறுவனம் 1994-ல் கைமாறி நியூயார்க் மாநிலத்துக்குப் போனது. கூடப் போகாத பழைய ஆட்கள் சிலர் இன்டிபென்டன்ட் ஃபேப்ரிகேஷன் என்ற சைக்கிள் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2015-ல் சான்ஸே கிக்ஸ்டார்ட்டர் இணையதளத்தில் மக்களிடம் பணம் திரட்டி யோ எடியை மறுபடி கொண்டுவந்தார். அந்தப் புதியது எனக்கு வேண்டாம், பழசுதான் வேண்டும்!

சீரியல் எண்ணையோ வெல்டிங்கையோ பார்த்து இது எந்த ஊர் ஃபிரேம் என்று சொல்ல முடியுமா? அப்புறம், ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) இல்லை. இன்றைய நீளமான சஸ்பென்ஷன் ஃபோர்க் போட்டால் முன்பக்கம் தூக்கி ஸ்டீயரிங் மந்தமாகிவிடும். பொருத்தமான, சஸ்பென்ஷன் இல்லாத ரிஜிட் ஃபோர்க் எந்த அளவில் தேடலாம்?