ஊராட்சித் தலைவர் இல்லாத காலத்தில் மனுவை யாரிடம் கொடுப்பது?

கீழத்தெரு வாசி (2025 ஜூலை):

அனைவருக்கும் வணக்கம். ஏறத்தாழ 2,400 பேர் வாழும் ஊராட்சி எங்களுடையது. கீழத்தெருவுக்குக் குடிநீர் தரும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் தூண்களில் சிமெண்ட் பெயர்ந்து கம்பி வெளியே தெரிகிறது. பாதிக்கு மேல் நீர் ஏற்ற ஆபரேட்டர் அஞ்சுவதால், கடைசியில் உள்ள முப்பது வீடுகளுக்கு மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வருகிறது.

2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் எங்களுடையதும் ஒன்று. 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு தலைவர், வார்டு உறுப்பினர், ஒன்றியக் கவுன்சிலர் எனத் தேர்ந்தெடுக்கப்பட்ட அனைவரின் பதவிக்காலமும் முடிந்து, நிர்வாகம் அரசு நியமித்த தனி அலுவலரிடம் போய்விட்டது. முன்பெல்லாம் தலைவர் வீட்டுத் திண்ணையில் போய் நின்றாலாவது ஒரு பதில் கிடைக்கும். இப்போது ஊராட்சிச் செயலர் நிதி இல்லை என்கிறார். சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் கொடுத்த மனுவுக்கு ரசீதுகூடத் தரவில்லை. மே 1 கிராம சபையில் எழுந்து பேசினேன். பேசி முடிப்பதற்குள் எழுதப்படாத பக்கத்தில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். என் கோரிக்கை தீர்மானமாகப் பதிவானதா என்பதே தெரியவில்லை.

ஆகஸ்ட் 15 கிராம சபை நெருங்குகிறது. யாரை, எந்த முறையில் அணுகினால் இந்த வேலை நகரும் என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

முன்னாள் வார்டு உறுப்பினர்:

2020 ஜனவரி முதல் ஐந்தாண்டுகள் வேறொரு மாவட்டத்தில் வார்டு உறுப்பினராக இருந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். தலைவர் பதவி காலியாக இருப்பதால் கிராம சபையும் இல்லாமல் போய்விட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். அந்த உறுப்பினர் பதவிக்குக் காலாவதி கிடையாது.

குடிநீர் வழங்குவது தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன்படி கிராம ஊராட்சியின் கட்டாயக் கடமை. ஆகவே முதல் மனு, தலைவரின் பொறுப்பை இப்போது வகிக்கும் தனி அலுவலருக்குத்தான் போக வேண்டும். ஒன்றிய அலுவலகத்தில் இரண்டு வட்டார வளர்ச்சி அலுவலர்கள் இருப்பார்கள். ஒருவர் வட்டார ஊராட்சிக்கு, மற்றவர் கிராம ஊராட்சிகளுக்கு. கிராம ஊராட்சிகளைக் கவனிப்பவரே உங்கள் தனி அலுவலர்; மனு அவரிடம் சேர வேண்டும். மேசை மாறிப் போன மனுக்கள் மாதக்கணக்கில் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். நகலில் தேதியும் முத்திரையும் வாங்காமல் திரும்பாதீர்கள்.

மனுவில் என்ன கேட்கிறீர்கள் என்பது அதைவிட முக்கியம். "தண்ணீர் வரவில்லை, ஆவன செய்க" என்று எழுதினால், ஆபரேட்டரை இரண்டு நாள் கூடுதலாக மோட்டார் போடச் சொல்லிவிட்டு, நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று மனுவை முடித்துவிட முடியும். ஒன்றியப் பொறியாளர் தொட்டியை நேரில் பார்த்து அதன் உறுதியைப் பற்றி எழுத்தில் அறிக்கை தர வேண்டும், பழுதுபார்ப்புக்கோ புதிய தொட்டிக்கோ மதிப்பீடு தயாரிக்க வேண்டும் என்று கேளுங்கள். மதிப்பீடு இல்லாத வேலைக்கு யார் மனம் வைத்தாலும் பணம் ஒதுக்க முடியாது. "நிதி இல்லை" என்ற பதில் பெரும்பாலும் மதிப்பீடே போடாத நிலையில் சொல்லப்படுவதுதான்.

கிராம சபையைப் பொறுத்தவரை, 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சிக்குக் குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது வர வேண்டியவர்கள், 100 பேர். முப்பது வீட்டிலிருந்தும் வீட்டுக்கு இரண்டு பேர் வந்தாலே அந்த வரம்பில் பாதிக்கு மேல் உங்கள் தெருவினராக இருப்பார்கள். தீர்மான வாசகத்தை நீங்களே முன்கூட்டி எழுதிக்கொண்டு போய், அது பதிவேட்டில் எழுதப்பட்டு உரக்க வாசிக்கப்பட்ட பிறகு கையெழுத்திடுங்கள். பெண்கள் அவசியம் வர வேண்டும். குடத்தோடு காத்திருப்பவர்கள் அவர்கள்; எத்தனை குடம், எத்தனை மணி நேரம் என்ற கணக்கை அவர்களைப் போல வேறு யாராலும் சொல்ல முடியாது.

தகவல் உரிமை ஆர்வலர்:

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் ஆகஸ்ட் 15 வரை காத்திருக்கத் தேவையில்லை. மே 1 கூட்டத்தின் தீர்மானப் பதிவேட்டுப் பக்கங்களின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் இன்றே கேளுங்கள். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். வெற்றுப் பக்கத்தில் என்ன எழுதினார்கள் என்று தெரியாமல் அடுத்த கூட்டத்துக்குப் போவது சரியல்ல.

முன்னாள் வார்டு உறுப்பினர்:

நகல் கேட்பது உங்கள் உரிமை, மறுக்கவில்லை. ஆயினும் அதற்கு முன் ஒருமுறை செயலரை நேரில் பார்த்து, பதிவேட்டைக் காட்டும்படி கேட்டுப் பாருங்கள் என்பதே என் கருத்து. ஒரு தொட்டியைக் கட்டி முடிக்கும்வரை நீங்கள் அந்த மனிதரோடுதான் பேசிக்கொண்டிருக்க வேண்டும். அவர் காட்ட மறுத்தால் அன்றே விண்ணப்பம் போடுங்கள்.

கீழத்தெரு வாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. நாளை செயலரைப் பார்க்கிறேன். சட்டமன்ற உறுப்பினரிடம் மீண்டும் போவதில் பயன் உண்டா?

ஒன்றிய அலுவலக ஓய்வுபெற்ற ஊழியர்:

உண்டு, ஆனால் வரிசை மாறக் கூடாது. சட்டமன்ற உறுப்பினருக்குத் தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு 3 கோடி ரூபாயும், நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி ரூபாயும் உண்டு. அவர்கள் வேலையைப் பரிந்துரைப்பார்கள். நிறைவேற்றுவது மாவட்ட நிர்வாகம். இந்த நிதிகள் முதன்மையாகக் கட்டடம், தொட்டி போன்ற நிலையான சொத்துகளை உருவாக்குவதற்கானவை என்பதால், புதிய தொட்டி தேவை என்று பொறியாளர் எழுதிவிட்டால் உங்கள் கோரிக்கை அதில் பொருந்தும். கிராம சபைத் தீர்மான நகல், பொறியாளரின் மதிப்பீடு, தூண்களின் புகைப்படம் ஆகிய மூன்றையும் இணைத்துக் கொடுங்கள். அதே கட்டின் நகலைத் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் பதிவு செய்யுங்கள். ஊராட்சிகளின் ஆய்வாளர் ஆட்சியர்தான்.

ஒன்று மட்டும் அவசரம். கம்பி வெளியே தெரியும் தொட்டியின் அடியில் பிள்ளைகள் விளையாடுவதை இன்றைக்கே நிறுத்துங்கள். மனு எழுதுவது அதற்கு அடுத்த வேலை.