மணலியில் குதிரை மசால் மஞ்சளாகிறது: காப்பாற்ற வழி உண்டா?

மணலி புதுநகருக்கு அருகே 14 செம்மறியாடுகள் வளர்க்கிறேன். அவற்றுக்காக அக்டோபர் முதல் வாரத்தில், 20 சென்ட் களிமண் நிலத்தில், ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரத்தில் நேர்த்தி செய்த குதிரை மசால் என்ற தீவனப் பயிரின் விதையை விதைத்தேன். 78ஆம் நாள் முதல் அறுப்பு நன்றாகவே வந்தது. அதன்பின் துளிர்த்த தழை ஒரு சாண் உயரத்திலேயே அடியிலிருந்து மஞ்சளாகிறது. தூரைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடுவதுடன், ஆணிவேரின் நுனி பழுப்பேறி, தோல் வழுக்கிக்கொண்டு உரிகிறது. டிஏபி உரம் இட்டேன், வடிகால் வெட்டினேன், பாசனத்தைப் பத்து நாளுக்கு ஒருமுறையாகக் குறைத்தேன். மேட்டுப் பக்கம் மட்டும் சற்றே தேறியது. ஆழ்துளைக் கிணற்று நீர் வாயில் வைத்தாலே கரிப்பதால் (எங்கள் பகுதிக்கே உரிய சாபம்), இது மழைநீர் தேங்கியதால் வந்த வேரழுகலா, உப்பின் வேலையா என்று பிரித்தறிய முடியவில்லை. மேட்டுப்பாத்தி அமைத்து மீண்டும் குதிரை மசாலையே விதைக்கலாமா, அல்லது இந்த மண்ணுக்கு வேலிமசால் என்ற வேறொரு தீவனப் பயிருக்கு மாறுவதுதான் சரியா?